மேலே பார்த்தியா?

ஒரு பள்ளம். இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். எதிர்ப்பக்கம் ஒரு கதவு. நடுவே, எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற ஆழம். தாண்ட முடியுமா, முடியாதா?

நிஜ வாழ்க்கையில் இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்வதில்லை. தாண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் டோம்ப் ரைடரில் பதில் உண்டு. பள்ளம் ஒரு கட்டம் அகலம் என்றால் நின்ற இடத்திலிருந்தே தாவிவிடலாம். இரண்டு கட்டம் என்றால் ஓடிவந்து தாவ வேண்டும். மூன்று கட்டம் என்றால் ஓடிவந்து தாவி, எதிர்விளிம்பை இரண்டு கையாலும் பற்றித் தொங்கி, அப்புறம் மேலே ஏற வேண்டும். நான்கு கட்டமா? சான்ஸே இல்லை. வேறு எங்கோ வழி இருக்கிறது, போய்த் தேடு என்று அர்த்தம்.

சட்டம் அவ்வளவுதான். முதல் குகையில் எப்படியோ, கடைசிப் பிரமிடிலும் அப்படியே. சிபாரிசு செல்லாது. பி.காம். படித்த ஒருவனுக்கு இதைவிட இனிப்பான விஷயம் வேறென்ன இருந்துவிட முடியும், சொல்லுங்கள்.

டோம்ப் ரைடர் என்றதும் உங்களில் பலருக்கு ஏஞ்சலினா ஜோலி ஞாபகத்துக்கு வந்திருப்பார். தப்பில்லை. 2001-ல் வந்த படம் அப்படி. (எழுத்தில் இருக்கிற 'பி' உச்சரிப்பில் கிடையாது, 'டூம்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு நண்பர் வருஷக்கணக்காக என்னைத் திருத்தப் பார்க்கிறார். எங்கள் பேட்டையில் எல்லோரும் டோம்ப் ரைடர் என்றுதான் சொன்னோம். எனக்கு அது போதும்.) படத்துக்கு ஐந்து வருடம் முன்பே, 1996-ன் கடைசியில், கேம் வந்துவிட்டது. செய்தவர்கள் இங்கிலாந்தில் டார்பி என்கிற ஊரில் இருந்த கோர் டிசைன் கம்பெனிக்காரர்கள். ஒரு சின்னக் குழு. அதில் டோபி கார்ட் என்கிற இளைஞர் வரைந்த பெண்தான் லாரா க்ராஃப்ட். முதலில் அவளுக்கு லாரா க்ரூஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்புறம் இங்கிலாந்துக்காரியாக மாற்றினார்கள்.

பத்திரிகைகளில் அவள் இடுப்பில் இருந்த இரண்டு துப்பாக்கிகளைப் பற்றியும், இடுப்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். விளையாடியவனுக்குத் தெரியும், துப்பாக்கி அதில் ஊறுகாய். சாப்பாடு, புதிர்.

மொத்தம் பதினைந்து பாகங்கள். பெரு நாட்டின் பனிக்குகையில் ஆரம்பித்து, கிரேக்கம், எகிப்து என்று போய், கடைசியில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ். நடுவே ஓநாய், கரடி, வௌவால் என்று சில தொந்தரவுகள். மற்ற நேரமெல்லாம் லாரா தனி. நீங்களும் தனி. பாட்டுகூட எப்போதாவதுதான் வரும். ஈரக் குகையில் காற்று போகிற ஓசை, அவள் காலடிச் சத்தம், சுவரில் மோதினால் 'ஹம்' என்று ஒரு முனகல். ஒரு பெரிய மண்டபத்துக்குள் நுழைகிறீர்கள். மூடிய கதவு. எங்கோ ஒரு நெம்புகோல். ஒரு கல், அதைத் தள்ளலாம். ஒரு குளம், அதில் முங்கலாம். எது எதற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டம் என்று சொன்னேனே, அது உவமை இல்லை. நிஜமாகவே அந்த உலகம் முழுவதும் ஒரே அளவுள்ள சதுரங்களால் ஆனது. அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அவ்வளவுதான் தெம்பு. மலை, கோயில், குளம் எல்லாவற்றையும் செங்கல் அடுக்குகிற மாதிரிதான் அடுக்க முடியும். நீல் பாய்ட், ஹெதர் கிப்ஸன் என்று இரண்டு பேர் உட்கார்ந்து இந்தச் சதுரங்களை அடுக்கியே சாம்ராஜ்யங்களைக் கட்டினார்கள். இயந்திரத்தின் போதாமையால் வந்த கட்டங்கள். அதையே சட்டமாக்கிக் கொண்டதுதான் அவர்களுடைய சாமர்த்தியம்.

அந்தச் சட்டத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ள ஒருநாள் ஆகும். ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு நடந்தால் லாரா விளிம்பில் நின்றுவிடுவாள், விழவே மாட்டாள். அங்கிருந்து பின்பக்கமாக ஒரு குதி. அது சரியாக ஒரு கட்டம். இப்போது ஓடவிட்டு, தாவுகிற பொத்தானைக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கிவிட வேண்டும். அவளே விளிம்பின் கடைசி அங்குலத்தில் கால் வைத்து எழும்புவாள். நடை, பின்குதி, ஓட்டம், தாவல், பிடி. நாலைந்து நாளில் இது டைப்ரைட்டிங் மாதிரி ஆகிவிடும். விரல் பாட்டுக்குச் செய்யும், மனசு அடுத்த கதவைப் பற்றி யோசிக்கும். எத்தனையோ கேம்களில் தாவினால் விழுவதும் பிழைப்பதும் அன்றைய ராசிபலனைப் பொறுத்தது. இதில் விழுந்தால், அளந்தவர் நீங்கள்.

இந்த நம்பிக்கை இருப்பதால்தான் புதிரில் இறங்க முடிகிறது. இது ரொம்ப முக்கியம். தாவ முடியுமா என்பதில் சந்தேகம் இருந்தால், புதிருக்கு விடை தவறா, விரல் தவறா என்றே தெரியாது. இங்கே அந்தக் குழப்பம் இல்லை. மூளைக்குத் தனிக் கணக்கு, கைக்குத் தனிக் கணக்கு.

கிரேக்கப் பகுதியின் முதல் பாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செயின்ட் ஃபிரான்சிஸ் ஃபாலி என்று பெயர். உள்ளே போனால் பிரம்மாண்டமான ஒரு கிணறு. கல்லால் கட்டிய செங்குத்துக் கிணறு. நீங்கள் மேலே நிற்கிறீர்கள். சுவர் நெடுக அங்கங்கே திண்ணைகள், தூண்கள், மூடிய கதவுகள். கீழே தரை, எங்கோ. நான்கு கதவுகளுக்குப் பின்னால் நான்கு அறைகள். தோர், டாமக்ளீஸ், நெப்ட்யூன், அட்லஸ் என்று பெயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாவி. நான்கு சாவியும் சேர்ந்தால்தான் அடியில் இருக்கிற கதவு திறக்கும்.

அழகு என்னவென்றால், பெயரே துப்பு. டாமக்ளீஸின் தலைக்கு மேலே ஒற்றை முடியில் ஒரு கத்தி தொங்கியது என்று கிரேக்கக் கதை. அந்த அறைக்குள் நுழைந்து அண்ணாந்தால், கூரையில் வரிசையாக வாள்கள். உள்ளே போகும்போது ஒன்றும் ஆகாது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்புகிறீர்களே, அப்போது ஆரம்பிக்கும். ஓடினால் தீர்ந்தது. ஒவ்வொரு அடியாக, கூரையைப் பார்த்தபடி நடந்தால் பிழைக்கலாம். அட்லஸ் வானக் கோளத்தைத் தோளில் சுமந்தவன். அவன் அறையில் என்ன உருண்டு வரும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். தோர் அறையில் இடியும் சம்மட்டியும். புதிர் போட்டவன் உங்களை முட்டாளாக நினைக்கவில்லை என்று தெரிகிற இடம் இது. 'நீ கதை படித்திருப்பாய், யோசி' என்கிறான்.

இன்னும் இரண்டு பாகம் தள்ளி, மைடாஸ் அரண்மனை. தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் வாங்கி அவதிப்பட்ட ராஜா. அங்கே உங்களுக்கு மூன்று ஈயக்கட்டிகள் கிடைக்கும். ஒரு கதவுக்கு மூன்று தங்கக்கட்டிகள் வேண்டும். அரண்மனையின் ஒரு மூலையில் ராஜாவின் சிலை உடைந்து கிடக்கிறது. அதன் கை மட்டும் பெரிதாக, உள்ளங்கை மேலே பார்த்தபடி. ஒரு வார்த்தை, ஒரு குறிப்பு, ஒரு அம்புக்குறி கிடையாது. ஈயத்தை அந்தக் கையில் வைத்துப் பார்க்கலாமே என்று உங்களுக்காகத் தோன்ற வேண்டும். தோன்றிய கணத்தில் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும் பாருங்கள், அதற்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் கண் விழிக்கலாம்.

அதைவிடப் பிரமாதம், அந்தக் கையின் மேலேயே லாராவை ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவனுக்குத் தோன்றுகிறதே, அது. ஏற்றினால் அவளே காலிலிருந்து தலைவரை மெல்ல மெல்லத் தங்கமாகிச் சிலையாக நின்றுவிடுவாள். ஆட்டம் காலி. தோன்றாதவனுக்கு அது நடக்கவே நடக்காது. குறும்புத்தனமாக யோசிக்கிறவனுக்காகத் தனியாக மெனக்கெட்டு ஒரு சாவை எழுதி வைத்திருக்கிறார்கள். விருந்தில் சமையற்காரர் நம்மை அடையாளம் கண்டுகொண்டு உள்ளேயிருந்து எடுத்துவந்து போடுகிற வடை மாதிரி.

நிற்க. புகழ்ந்தது போதும்.

இந்த கேமைப் போல மனுஷனைக் கடுப்பேற்றியதும் வேறொன்று இல்லை. முதல் குற்றவாளி கேமரா. லாராவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கேமரா, சுவரோரம் போனால் திணறிப்போய் அவள் பின்னந்தலையை மட்டும் காட்டும். எதிரே கரடி வரும். உங்களுக்குத் தெரிவது கொண்டை. அடுத்து, அவள் திரும்புகிற வேகம். சந்துக்குள் மாட்டிய தண்ணி லாரி தோற்றது. சண்டை என்பது, குறி தானாகவே விழுந்துவிடும், நீங்கள் இடமும் வலமும் தவளை மாதிரிக் குதித்துக்கொண்டே பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு யோசித்துப் புதிர் போட்டவர்கள் சண்டைக்கு வந்ததும் டீ குடிக்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஆடியவர்களாவது புண்ணியவான்கள். எந்த இடத்திலும் ஆட்டத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனில் ஆடியவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அங்கங்கே மிதக்கிற நீலப் படிகத்தைத் தொட்டால்தான் சேமிப்பு. படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவே முக்கால் மணி நேரம் பாடுபட்டு, கடைசித் தாவலில் விழுந்தால் முக்கால் மணி நேரமும் போச்சு. இது சவால் இல்லை, அபராதம்.

அநியாயமான சாவுகளும் உண்டு. ஒரு சரிவில் நாலடி எடுத்து வைக்கிறீர்கள், பின்னாலிருந்து பாறை உருண்டு வந்து நசுக்குகிறது. அங்கே பாறை இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. ஒருதடவை செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டாமக்ளீஸின் வாள்கள் கூரையில் கண்ணெதிரே தொங்கின. அது நியாயம். இது கழுத்தறுப்பு.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, சுவர் நிறத்திலேயே, சுவரின் இருட்டிலேயே வைத்த நெம்புகோல். ஏதோ ஒன்றை இழுப்பீர்கள். எங்கோ ஒரு கதவு திறப்பதை இரண்டு விநாடி காட்டுவான். எந்தக் கதவு? எந்தப் பக்கம்? வந்த வழியா, வராத வழியா? அதற்கப்புறம் அரைமணி நேரம், காலியான மண்டபங்களில் லாராவை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கொன்று முடித்த ஓநாய்கள் அங்கங்கே கிடக்கும். எதிரி இல்லை, இசை இல்லை, வழியும் இல்லை.

இங்கேதான் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வருவார். 2000-ல் நான் பி.காம். கடைசி வருஷம். பெரியப்பா பையன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர், அவன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே டோம்ப் ரைடர் சிடியும். சாப்பிட்டுவிட்டு, தோளில் துண்டோடு பிரம்பு நாற்காலியை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா உட்காருவார். லாராவுக்கு அவர் வைத்த பெயர் 'அந்தப் பொண்ணு'.

"ஏன்டா, அந்தப் பொண்ணு சும்மாச் சும்மா செவுத்துல போய் முட்டிக்குது?"

"கேமரா சரியில்லப்பா."

"கேமராவா, நீயா?"

கணக்கில் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் பதறக் கூடாது. விடை புஸ்தகத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா பார், வகுபட்டால் எண்ணை முன்பின்னாக எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, 54 என்பதை 45 என்று. இல்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கு. அந்தத் தொகை பற்றில் உட்கார வேண்டியது வரவில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பேரேட்டில் தேடு. அதுவும் இல்லையென்றால், எங்கேயோ ஒரு பதிவு ஒரு பக்கம் மட்டும் ஏறி, மறுபக்கம் விட்டுப்போயிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து வா. மூன்றே வழி. கல்லூரியில் புத்தகம் போட்டு விளக்கியதைவிட எனக்கு இது நன்றாகப் புரிந்தது.

டோம்ப் ரைடரைப் பார்த்த இரண்டாவது நாளே அப்பாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "இதுவும் அதேதான். எங்கயோ ஒரு என்ட்ரி விட்டுப்போச்சு, தேடு" என்றார்.

பெருவில் லாஸ்ட் வேலி என்று ஒரு பாகம். தொலைந்த பள்ளத்தாக்கு. குகைகளாகவே பார்த்துச் சலித்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று ஒரு காடு விரியும். தரை அதிரும். இருட்டுக்குள்ளிருந்து ஒரு டைனோசர், டி-ரெக்ஸ், ஓடிவரும். (அப்பா நாற்காலியோடு அரையடி பின்னால் போனார். அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இந்தக் கத்தலா?" என்று திரும்பிப் போனாள்.) அதைச் சமாளித்த பிறகுதான் நிஜமான வேலை. பள்ளத்தாக்கில் ஓர் அருவி. அதன் உச்சியில் பழைய இயந்திரம். அதில் மூன்று பல்சக்கரங்கள் இல்லை. அவற்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டி இழுத்தால் ஆறே திசை மாறும். அப்புறம்தான் வெளியேற வழி.

இரண்டு சக்கரம் கிடைத்தது. மூன்றாவது இல்லை.

முதல் ராத்திரி தேடினேன். இரண்டாவது ராத்திரி தேடினேன். மூன்றாவது ராத்திரி, குளத்தில் முங்கி அடி மண்ணெல்லாம் தடவினேன். நான்காவது ராத்திரி பதினொரு மணி இருக்கும். அப்பா கொட்டாவி விட்டபடி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்:

"மேலே பார்த்தியா?"

மேலேதான் இருந்தது.

இது கதையில் பாதி. மீதிப் பாதி எனக்குக் கிடைத்தது ஒன்பது வருடம் கழித்து, 2009-ல். அப்பா கடையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். ஏதோ பேச்சில் 'அந்தப் பொண்ணு' வந்தது. அப்போது சர்வ சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சக்கரத்தை அவர் முதல் ராத்திரியே பார்த்துவிட்டாராம். நான் அந்தப் பக்கம் திரும்பியபோது ஓரத்தில் தெரிந்ததாம்.

"மொத நாளே தெரியுமா? அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

"நீ தேடிட்டு இருந்தே. நடுவுல நான் எதுக்கு?"

"அப்போ நாலாம் நாள் மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நாலாம் நாள் நீ தேடல. சும்மா சுத்திட்டு இருந்தே."

எனக்குச் சுருக்கென்றது. கூடவே, பின்னால் உட்கார்ந்து பார்க்கிற ஒருத்தருக்கு இது தெரியுமா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. தெரியுமாம். தேடுகிறவன் ஒவ்வொரு சுவர் எதிரிலும் ஒரு கணம் நிற்பானாம். சுற்றுகிறவன் நிற்க மாட்டானாம், ஓடிக்கொண்டே இருப்பானாம். பேரேடு புரட்டுகிற பையன்களிடமும் அப்படித்தானாம். விரல் பக்கத்தின் மேலே நகர்ந்தால் தேடுகிறான், வெறும் பக்கம் மட்டும் புரண்டால் தூங்குகிறான். முப்பது வருஷம் கடைப் பையன்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 2016-ல் அப்பா போய்விட்டார். கணக்குப் புத்தகங்கள் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவையெல்லாம் முதலாளியுடையவை.

இப்போது வருகிற கேம்களைப் பார்த்தால் எனக்கு இந்த நாலாம் நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டோம்ப் ரைடர் தொடரே கைமாறிவிட்டது. 2003-ல் வந்த ஆறாவது கேம் சொதப்பியதும், தொடர் அமெரிக்காவின் கிரிஸ்டல் டைனமிக்ஸ் கம்பெனிக்குப் போனது. 2013-ல் அவர்கள் லாராவைப் புதிதாக, சின்னப் பெண்ணாக ஆரம்பித்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் படம். தாவல் கணக்கெல்லாம் போயே போச்சு. கிட்டத்தட்டச் சரியாகத் தாவினால் போதும், அவளே பிடித்துக்கொள்வாள். புதிர்க் கல்லறைகள் ஓரமாக, வேண்டுமென்றால் எட்டிப் பாருங்கள் என்கிற கணக்கில். கூடவே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் உலகம் முழுக்க மங்கி, எதைத் தொட வேண்டுமோ அது மட்டும் பளபளவென்று மின்னும்.

ட்ரயல் பேலன்ஸுக்கு இப்படி ஒரு பொத்தான் இருந்தால் அப்பாவுக்கு வேலையே இருந்திருக்காது. சந்தோஷமும் இருந்திருக்காது என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அவர் அந்தப் பொத்தானை வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா, எனக்குத் தெரியாது. ராத்திரி ஒன்பதுக்குப் பதில் ஏழு மணிக்கு வீடு வந்திருக்கலாமே.

ஏற விளிம்புகளில் வெள்ளைச் சாயம் பூசி வைக்கிற வழக்கமும் வந்தது. ஆளே நுழையாத ஆயிரம் வருஷக் கோயிலில் யார் போய் அடித்தார்கள் வெள்ளை? 2022-ல் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்கில் இன்னும் ஒரு படி மேலே. நீங்கள் ஒரு புதிர் எதிரே வந்து நின்று, மூச்சு விடுவதற்குள், கூட வருகிறவர்கள் 'அதைப் பாரு, இதை எறி' என்று ஆரம்பித்துவிடுவார்கள். பிரமாதமான கேம். வாயை மட்டும் மூடத் தெரியாது.

உதவி செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுவர் நிறத்து நெம்புகோலுக்காக அரைமணி நேரம் ஓடியவன் நான். அந்த அரைமணி நேரத்தால் என் அறிவு வளர்ந்தது என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வருவேன். கையெழுத்து புரியாத பேரேட்டில் தேடுகிற மாதிரி அது, வெறும் கண் வலி. ஆனால் இந்த உதவிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து உதவுகிறார்கள். இவ்வளவு விநாடி ஆச்சா, சொல்லிவிடு. எதிரே இருப்பவன் நின்று யோசிக்கிறானா, செய்வதறியாமல் சுற்றுகிறானா என்று பார்ப்பதில்லை. பிரம்பு நாற்காலி போட்டு உட்கார அவர்களுக்கு நேரமில்லை.

கொஞ்சம் புத்திசாலித்தனமான சமரசத்தை 2018-ல் ஷேடோ ஆஃப் த டோம்ப் ரைடரில் செய்தார்கள். சண்டைக்கு ஒரு கஷ்ட அளவு, வழி தேடுவதற்கு ஒன்று, புதிருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தேடலைக் கஷ்டத்தில் வைத்தால் வெள்ளைச் சாயம் காணாமல் போய்விடும். சண்டையைச் சுலபத்தில் போட்டு, மற்ற இரண்டையும் கஷ்டத்தில் போட்டு நான் ஆடினேன். சொர்க்கம். நாற்பது வயதை நெருங்குகிறவனுக்கு விரல்தான் மெதுவாகிறது, பிடிவாதம் இல்லையே.

முதல் மூன்று கேம்களையும் அஸ்பயர் என்கிற கம்பெனி தூசு தட்டி, 2024 பிப்ரவரி 14-ல் திரும்பக் கொண்டுவந்தது. காதலர் தினம், கவனியுங்கள். அதே கட்டங்கள், அதே தாவல். மேலே புதுப் பூச்சு. ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய முகம், திரும்பத் தட்டினால் புது முகம். புது வண்ணத்தில் சில மூலைகள் பழசைவிட இருட்டாக இருக்கின்றன. பழசுக்குப் போய்த் தேடிவிட்டு மறுபடி புதுசுக்கு வர வேண்டியிருக்கிறது. நடை, ஓட்டத்தையும் இந்தக் காலத்து முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கட்டத்தை அளந்து தாவுகிற உலகத்தில், பழைய தண்ணி லாரிதான் நேராக நிற்கிறது.

வாங்கியது எனக்காக. பிடுங்கிக்கொண்டது மகள். எட்டாவது படிக்கிறாள். அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. "அப்பா, இந்த அக்கா ஏன் சதுரமா இருக்கா?" பிறகு ஒரு வாரத்தில் நடை, பின்குதி, ஓட்டம், தாவல், பிடி எல்லாம் அவள் விரலுக்கு வந்துவிட்டது. எனக்கு வந்ததைவிடச் சீக்கிரம்.

பிரச்னை வேறு இடத்தில். மாட்டிக்கொண்டால், மூன்றாவது நிமிஷம் அவள் கை ஃபோனுக்குப் போகிறது. உலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு மூலையையும் ஆடிக்காட்டி வீடியோ போட்டு வைத்திருக்கிறான். என் காலத்திலும் விடை இல்லாமல் இல்லை. நெட் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, ஒரு நண்பன் இருபது பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். ஆனால் அதைப் பார்க்க சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போகிற வழியிலேயே பாதி விடை தோன்றிவிடும்.

வீடியோ பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. ஏன் பார்க்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு. அதுக்கு எதுக்குப்பா ஒரு மணி நேரம்? நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட் வேற இருக்கு."

மேத்ஸ் டெஸ்ட்டுக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தையும் அவள் இதே மாதிரிதான் படிக்கிறாள் என்பதுதான் என் கவலை. கணக்கைப் படித்து, நேராகக் கடைசிப் பக்கத்து விடைக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி நடந்து வருகிறாள். மதிப்பெண் வருகிறது. டீச்சருக்குப் புகார் இல்லை. பரீட்சைத் தாளுக்குக் கடைசிப் பக்கம் கிடையாதே என்று எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேனென்கிறது. அதை அவளிடம் சொன்னால் அறிவுரை. பதிமூன்று வயதில் அறிவுரை கேட்டவர்கள் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அதனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பிரம்பு இல்லை, பிளாஸ்டிக். கிணற்றுப் பாகம். மூன்று சாவி கையில், நான்காவது இல்லை. அவளுடைய ஃபோன் சார்ஜரில், அடுத்த அறையில் இருந்தது. (நான் வைக்கவில்லை. அவளேதான் வைத்தாள்.) பக்கத்தில் எனக்கு டீ டம்ளர். எந்தத் திண்ணையில் எந்தக் கதவு என்று எனக்கு மனப்பாடம். இருபத்தைந்து வருஷமாக மறக்கவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது.

சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அப்பா சொல்லவே இல்லை.

முதலில் அவள் நின்று நின்றுதான் பார்த்தாள். ஒவ்வொரு திண்ணையிலும் நின்று, சுவரைப் பார்த்து, கீழே பார்த்து. பத்து நிமிஷம். அப்புறம் ஓட ஆரம்பித்தாள். ஒரு திண்ணை, அடுத்த திண்ணை, திரும்ப அதே திண்ணை. சுவரில் மோதி ஒரு 'ஹம்'. இன்னொரு 'ஹம்'. பார்த்த கதவையே மூன்றாவது தடவை பார்க்கிறாள். இது சுற்றல்தான், சந்தேகமே இல்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன்.

சட்டென்று அவள் விரலை எடுத்துவிட்டாள். லாரா அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு அடியாக விளிம்புவரை நடத்திக்கொண்டு போய், கேமராவைத் திருப்பினாள். கீழே. இடது பக்கம். பிறகு மேலே.

டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வர எழுந்து சமையலறைக்குப் போனேன்.